ஒரு முற்றுகையின் புகழ், ஒரு சபையின் பொன்வேலை: வாலெட்டாவின் புனித யோவான் பேராலயம்

மால்டாவின் தலைநகர் வாலெட்டாவில் இருக்கும் புனித யோவான் இணைப் பேராலயத்தை வெளியிலிருந்து மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள், அதை ஏதோ படைக் கிடங்கு என்று நினைத்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. தேன் நிறச் சுண்ணாம்புக் கல்லில் எழும்பிய வெற்றுச் சுவர். இரண்டு பக்கமும் கனத்த மணிக்கூண்டுகள். நடுவே ஒரு வாசல், அதன் மேல் ஒரு மாடம். சிற்பமோ பூவேலையோ பெரிதாக எதுவும் இல்லை. வாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் காட்சி அடியோடு மாறிவிடுகிறது. சுவர் முழுக்கச் செதுக்கிப் பொன் பூசியிருக்கிறார்கள். கூரை முழுக்க ஓவியம். தரை முழுக்க வண்ணப் பளிங்கில் எலும்புக்கூடுகள், கொடிகள், பீரங்கிகள். வெறுமையாக விட்ட இடம் என்று ஒரு கையளவுகூட அகப்படாது.

இந்த முரண்பாட்டை வழிகாட்டிகள் எல்லோரும் சொல்வார்கள். அது ஏன் அப்படி ஆனது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெளிச்சுவரும் உள் அலங்காரமும் ஒரே காலத்தவை அல்ல. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 90 ஆண்டு இடைவெளி. அந்த இடைவெளியில் இதைக் கட்டியவர்களின் நிலைமை மாறிவிட்டது. உயிர் பிழைக்கப் போராடிய ஒரு படைச் சபை, தான் பிழைத்த கதையைச் சொல்லிச் சொல்லிப் பெருமை கொள்ளும் சபையாக மாறியது. பேராலயத்தின் பரோக் கலை, அதாவது புலன்களைக் கவரும் அந்த ஆடம்பரப் பாணி, முழுவதும் அந்த மாற்றத்தின் பதிவு என்றே நான் பார்க்கிறேன்.

ஜெருசலேம் புனித யோவான் சபை, சிலுவைப் போர்க் காலத்தில் யாத்திரிகர்களுக்கு மருத்துவம் பார்க்கத் தொடங்கிய துறவுச் சபை. பிறகு அதுவே ஆயுதம் ஏந்தியது. அதன் உறுப்பினர்களான நைட்டுகள் பெரும்பாலும் ஐரோப்பியப் பிரபுக் குடும்பங்களின் பிள்ளைகள். வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளையும் கொடுத்தவர்கள், கையில் வாளும் வைத்திருந்தார்கள். 1522இல் ஒட்டோமன் படையிடம் ரோட்ஸ் தீவை இழந்து, இருக்க இடமின்றி அலைந்த இவர்களுக்கு 1530இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் மால்டாவைக் கொடுத்தார். தண்ணீர் குறைந்த, பாறை மிகுந்த தீவு. நைட்டுகளுக்கு அது பிடித்தமான இடமாக இருக்கவில்லை. ஆனால் அங்கிருந்த இயற்கைத் துறைமுகம் மத்தியதரைக் கடலின் நடுவில் இருந்தது.

1565 மே மாதம் ஒட்டோமன் பெரும்படை மால்டாவில் இறங்கியது. செப்டம்பர் வரை நீடித்த அந்த முற்றுகையில், எண்ணிக்கையில் பல மடங்கு பெரிய படையை நைட்டுகளும் மால்டா மக்களும் தாக்குப்பிடித்தனர். ஐரோப்பா முழுவதும் அந்தச் செய்தியைக் கொண்டாடியது. பணமும் பரிசும் வந்து குவிந்தன. அடுத்த ஆண்டு மார்ச் 28 அன்று, முற்றுகையை வழிநடத்திய சபைத் தலைவர் ழான் டி வாலெட் புதிய நகருக்கு அடிக்கல் நாட்டினார். அவர் பெயரிலேயே எழுந்த நகரம் வாலெட்டா. ஆலயம் எழுவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். இன்று அவர் உடல் ஆலயத்தின் நிலவறையில் இருக்கிறது. அதே நிலவறையில் சபைத் தலைவர்களுக்கு நடுவே, தலைவர் பதவி வகிக்காத ஒரே ஒருவருக்கும் இடம் கிடைத்திருக்கிறது: வாலெட்டின் செயலராக இருந்த ஆங்கிலேய நைட் ஆலிவர் ஸ்டார்க்கி.

ஆலயத்தைக் கட்டியவர் ஜிரோலாமோ கசார் என்ற மால்டாக்காரர். அவர் அடிப்படையில் படைப் பொறியாளர். நகரின் மதில்களைத் திட்டமிட்ட இத்தாலியப் பொறியாளர் ஃபிரான்செஸ்கோ லாபரெல்லியிடம் வேலை பார்த்தவர். 1572இல் சபைத் தலைவர் ழான் டி லா காசியேர் உத்தரவிட, 1573இல் வேலை தொடங்கி, 1577இல் கட்டடம் முடிந்தது. 1578 பிப்ரவரியில் அர்ச்சிப்பு நடந்தது. ஐந்தாண்டுகளுக்குள் முடிந்துவிட்டது என்பது அந்தக் காலத்தில் பெரிய ஆலயங்களுக்குக் கிடைக்காத வேகம். ஒட்டோமன் படை திரும்பி வரக்கூடும் என்ற அச்சம் நிலவிய ஆண்டுகள் அவை. கசார் தனக்குக் கைவந்த முறையிலேயே கட்டினார்: நீண்ட செவ்வகக் கூடம், அதன் மேல் ஒரே வீச்சில் ஓடும் அரைவட்டக் கல் வளைவுக்கூரை. அத்தனை கல்லின் பாரம் சுவர்களை வெளிப்பக்கம் தள்ளும். அதைத் தாங்க இருபுறமும் தடித்த முட்டுச்சுவர்களை எழுப்பினார். அந்த முட்டுச்சுவர்களுக்கு இடையில் விழுந்த அறைகளே பக்கச் சிற்றாலயங்கள் ஆயின. தூண் வரிசை இல்லாததால், எங்கே நின்று பார்த்தாலும் நடுக்கூடம் முழுவதும் கண்ணில் படும். பின்னால் வந்த ஓவியருக்கு இது பெரிய வரமாக அமைந்தது.

அந்த நாளில் உட்சுவர்களும் ஏறத்தாழ வெறும் கல்லாகவே இருந்தன. கசார் கட்டிய ஆலயம் பரோக் ஆலயம் அல்ல. பரோக் அதற்குள் பிறகுதான் வந்தது, அதுவும் முதலில் ஓவியர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு.

17ஆம் நூற்றாண்டின் நடுவில் சபையின் கையில் பணம் புரண்டது. ஐரோப்பா முழுவதும் அதற்கிருந்த நிலங்களிலிருந்து ஆண்டுதோறும் வருவாய் வந்தது. முஸ்லிம் நாடுகளின் கப்பல்களை மறித்துக் கொள்ளையடிப்பதும், பிடிபட்டவர்களை அடிமைகளாக வைத்துக்கொள்வதும் விற்பதும் சபை அனுமதித்த தொழிலாகவே நடந்தது. இன்னொரு வழியும் இருந்தது. வறுமை வாக்குறுதி கொடுத்த நைட் இறந்தால் அவர் சொத்தில் ஐந்தில் நான்கு பங்கு சபைக்குப் போய்விடும். மீதி ஒரு பங்கை மட்டுமே தன் விருப்பப்படி எழுதிவைக்க முடியும். இந்தத் தகவலை மனதில் வைத்துக்கொண்டால், தரையில் கிடக்கும் ஆடம்பரமான கல்லறைக் கற்களின் பொருள் இன்னும் கூர்மையாகப் புரியும்.

1660இல் ரஃபேல் கொத்தோனெர் சபைத் தலைவரானார். மயோர்க்கா தீவைச் சேர்ந்த பிரபுக் குடும்பம். மூன்றே ஆண்டுகளில் அவர் இறக்க, தம்பி நிக்கொலாஸ் அதே பதவிக்கு வந்து 1680 வரை இருந்தார். இந்தச் சகோதரர்களின் காலத்தில்தான் உட்புறம் தலைகீழாக மாறியது. ரோமில் சிற்பி பெர்னினி உச்சத்தில் இருந்த நேரம் அது. பார்ப்பவரின் புலன்களை நேரடியாகத் தாக்கி, மனதை உருக்கி, விசுவாசத்துக்குள் இழுப்பதே கலையின் வேலை என்று கத்தோலிக்கத் திருச்சபை தெளிவாக முடிவு செய்திருந்தது. ஐரோப்பாவின் மிக உயர்ந்த குடிகள் நிறைந்த தங்கள் சபையின் தலைமை ஆலயம் மொட்டைச் சுவரோடு நிற்பதை நைட்டுகளால் சகிக்க முடியவில்லை.

அவர்களுக்குக் கிடைத்த ஆள் மத்தியா பிரெத்தி. 1613இல் தென் இத்தாலியின் கலாப்ரியாவில் தவெர்னா என்ற சிற்றூரில் பிறந்தவர். ரோமிலும் நேப்பிள்ஸிலும் பெயரெடுத்தவர். சபையில் ஏற்கெனவே நைட். 1661இல் மால்டாவுக்கு வந்து, வளைவுக்கூரை முழுவதையும் தானே வரைந்து தருவதாகச் சொன்னார். கூலி கேட்கவில்லை. சபைக்குள் உயர்வு கிடைத்தால் போதும் என்பதே அவர் கணக்கு, அது கிடைத்தது. 1666 வரை சாரத்தின் மேலேயே வாழ்க்கை. முடித்த பிறகும் அவர் ஊர் திரும்பவில்லை. ஏறத்தாழ 40 ஆண்டுகள் மால்டாவிலேயே வாழ்ந்து 1699இல் இறந்தார். அவருடைய கல்லறையும் இதே ஆலயத்தில் இருக்கிறது.

கூரை ஆறு பத்திகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு பத்தியிலும் மூன்று காட்சிகள். ஆக 18 காட்சிகளில் திருமுழுக்கு யோவானின் வாழ்க்கை ஓடுகிறது. யோவான் சபையின் பாதுகாவலர் என்பதால் இந்தத் தேர்வு இயல்பானது. கதையைவிட எனக்கு வியப்பாக இருப்பது அதை வரைந்த முறை. இத்தாலியில் கூரை ஓவியம் என்றால் பெரும்பாலும் ஈரச் சாந்தின் மேல் நீர்வண்ணம்தான். சாந்து காய்வதற்குள் அன்றைய பகுதியை முடித்துவிட வேண்டும். பிறகு திருத்துவது கடினம். பிரெத்தி சாந்தே பூசவில்லை. கல்லுக்கு எண்ணெய் ஊட்டித் தயார் செய்து, அதன் மேல் நேரடியாக எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். திரைச்சீலையில் வரைகிறவருக்கு இருக்கும் சுதந்திரம் இதனால் அவருக்குக் கிடைத்தது. இருண்ட நிழலையும் சதையின் மெல்லிய நிறமாற்றத்தையும் ஆற அமர இழைக்க முடிந்தது. இன்னொரு பக்கம், கல் உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்திருக்கும் பொருள். பிற்காலத்தில் பழுதுபார்ப்பவர்கள் பட்ட பாடு பெரும்பாலும் இந்தத் துணிச்சலின் விளைவுதான்.

கூரையின் விளிம்பில், முட்டை வடிவச் சாளரங்களின் இருபுறமும் சபையின் புனிதர்களும் வீரர்களும் உட்கார்ந்தும் சாய்ந்தும் இருக்கிறார்கள். கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கும்போது இவர்கள் சிலைகள் என்றே தோன்றும். கழுத்து வலிக்கும்வரை பார்த்தாலும் சந்தேகம் தீராது. காரணம் நிழல். ஒவ்வொரு உருவத்தின் பின்னாலும் அது கட்டடத்தின் மேல் விழ வேண்டிய நிழலை பிரெத்தி வண்ணத்தில் போட்டிருக்கிறார். ஒருவரின் பாதம் விளிம்பைத் தாண்டி வெளியே தொங்குவது போலவும், மேலங்கி மடிப்பு காற்றில் நிற்பது போலவும் இருக்கும். கல் வேலை எங்கே முடிகிறது, ஓவியம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் புரியாமல் போகும் அந்த எல்லைதான் பரோக் கலைஞர்கள் எல்லோரும் தேடிய இடம். பிரெத்தி அதைத் தூரிகையை மட்டும் வைத்தே பிடித்துவிட்டார்.

வாசலுக்கு மேலே உட்புறத்தில் அவர் வரைந்த இன்னொரு பெரிய ஓவியத்தில் சபையே ஒரு பெண்ணாக, வெற்றிக் கோலத்தில் நிற்கிறது. அருகே கொத்தோனெர் சகோதரர்கள். ஆலயத்தை விட்டு வெளியேறும் ஒவ்வொருவரும் அதைப் பார்த்தே ஆக வேண்டும். பக்தியைவிட விளம்பரம் இதில் ஓங்கி நிற்கிறது என்பதே என் எண்ணம்.

சுவர்களுக்கு வருவோம். தூண்களிலும் வளைவுகளிலும் இண்டு இடுக்கு விடாமல் இலை, கொடி, தேவதூதர், சபையின் எட்டு முனைச் சிலுவை, குடும்பச் சின்னங்கள். கொத்தோனெர் குடும்பத்தின் சின்னமான பருத்திச் செடி அடிக்கடி தென்படும். முதல் பார்வையில் யாரும் இதைச் சுதை வேலை என்றே நினைப்பார்கள்; சாந்தைக் குழைத்து அச்சில் வார்த்து ஒட்டியிருப்பார்கள் என்று தோன்றும். உண்மையில் இது சுவரையே செதுக்கிய வேலை. கசார் கட்டி முடித்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, பாரம் தாங்கி நிற்கும் அதே கல்லில், நின்ற இடத்திலேயே உளி வைத்தார்கள். வடிவங்களைத் திட்டமிட்டவரும் பிரெத்திதான்.

இதைச் சாத்தியமாக்கியது மால்டாவின் கல். குளோபிஜெரினா சுண்ணாம்புக்கல் என்று புவியியலாளர்கள் அழைக்கும் இந்தக் கல், வெட்டியெடுத்த புதிதில் அரம்பத்தால் அறுக்கும் அளவுக்கு மென்மையானது. காற்றுப் படப் பட மேல்பரப்பு இறுகிக்கொள்ளும். தீவின் வீடுகள், மதில்கள், ஆலயங்கள் எல்லாம் இதே கல்தான். தலைமுறை தலைமுறையாக இந்தக் கல்லோடு பழகிய மால்டாக் கொத்தர்களின் கைகளே இந்தச் சுவர்களை உருவாக்கின. சபைத் தலைவர்களின் பெயர்கள் திரும்பிய பக்கமெல்லாம் பொறிக்கப்பட்டிருக்க, இந்தக் கைகளுக்கு உரியவர்களின் பெயர் எங்கும் இல்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. செதுக்கிய பிறகு மேடான பகுதிகளில் தங்க ரேக்கு ஒட்டினார்கள். பிரெத்தியின் ஓவியங்களில் இருக்கும் கருமைக்கு எதிரே இந்தப் பொன் நிற்பதால்தான் இரண்டுமே எடுபடுகின்றன.

பக்கச் சிற்றாலயங்கள் ஒரு போட்டியின் களம். நைட்டுகள் பிறந்த நாட்டை வைத்து ‘மொழிக்குழு’க்களாகப் பிரிந்திருந்தார்கள்: புரோவான்ஸ், ஓவெர்ன், பிரான்ஸ், இத்தாலி, அரகோன், காஸ்டீல்-போர்ச்சுகல், ஜெர்மனி. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி ரோமோடு உறவை முறித்துக்கொண்டபின் ஆங்கிலக் குழு நலிந்துபோய், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பவேரியாவோடு சேர்ந்து மீண்டும் முளைத்தது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சிற்றாலயம் ஒதுக்கப்பட்டது. பக்கத்துக் குழு எதைச் செய்ததோ அதைவிட ஒரு படி மேலே செய்துகாட்டுவது கௌரவப் பிரச்சினையானது. பீட ஓவியங்களில் பல பிரெத்தியுடையவை. அரகோன் சிற்றாலயத்தில் இருக்கும் புனித ஜார்ஜ் ஓவியம், அவர் நேப்பிள்ஸில் இருந்தபோதே வரைந்து அனுப்பியது. மால்டாவில் வேலை கிடைப்பதற்கு அடித்தளம் போட்டதும் அதுதான்.

அதே அரகோன் சிற்றாலயத்தில் நிக்கொலாஸ் கொத்தோனெரின் நினைவுச் சின்னம் இருக்கிறது. தொமெனிக்கோ குய்தி என்ற ரோமச் சிற்பியின் படைப்பு. மேலே தலைவரின் மார்பளவு உருவம், புகழைப் பறைசாற்றும் தேவதூதர், குவிந்த ஆயுதங்கள். அத்தனையையும் முதுகில் சுமந்துகொண்டு அடியில் குனிந்திருப்பவர்கள் இரண்டு அடிமைகள். ஒருவர் ஆப்பிரிக்கர், மற்றவர் துருக்கியர். சிற்பி அந்த இரண்டு உடல்களையும் மிகக் கவனமாகச் செதுக்கியிருக்கிறார்: இழுத்துப் பிடித்த முதுகுத் தசைகள், மேல் நோக்கித் திரும்பிய முகத்தின் வலி. மேலே இருக்கும் தலைவரின் முகத்தைவிட இவர்களின் முகங்களே நினைவில் தங்குகின்றன. கூரைக்கும் பொன்னுக்கும் பணம் வந்த வழிகளில் ஒன்றை ஆலயமே கல்லில் ஒப்புக்கொள்ளும் இடம் இது. சபை இதை அவமானமாக நினைத்து மறைக்கவில்லை, வெற்றியாக நினைத்துக் காட்டிக்கொண்டது. இந்த ஆலயத்தின் அழகைப் பேசும் யாரும் இந்த இரண்டு பேரைத் தாண்டிப் போகக்கூடாது.

தலைமைப் பீடத்துக்குப் பின்னால் இயேசுவின் திருமுழுக்கைக் காட்டும் வெண்பளிங்குச் சிற்பத் தொகுதி. இதைச் செய்ய முதலில் அமர்த்தப்பட்டவர் மெல்கியோரே காஃபா. மால்டாவில் பிறந்து ரோமில் இளம் வயதிலேயே பெரும் பெயர் வாங்கியவர். 1667இல், முப்பது வயதைத் தாண்டியிருந்தபோது, ரோமில் வார்ப்புப் பட்டறையில் நடந்த விபத்தில் அவர் இறந்துபோனார். வேலை பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்து, கடைசியில் ஜுசெப்பே மத்சுவோலியின் கையால் 1703இல் முடிந்தது. நல்ல சிற்பம்தான். ஆனாலும் காஃபாவின் மற்ற வேலைகளைத் தெரிந்தவர்களுக்கு அவர் கை இதில் படாமல் போனது ஆறாத குறை. அவருடைய தம்பி லொரென்சோ காஃபா கட்டடக் கலைஞர். மால்டாவின் பழைய தலைநகரான மதீனாவில் இருக்கும் பேராலயம் அவர் கட்டியது.

இப்போது தரை. சுமார் 400 கல்லறைக் கற்கள் நடுக்கூடத்திலும் சிற்றாலயங்களிலும் ஒன்றோடொன்று நெருங்கிப் பாவப்பட்டிருக்கின்றன. வேறெங்கும் இப்படியொரு தரையை நான் கேள்விப்பட்டதில்லை. பல நிறப் பளிங்குகளை வடிவத்துக்கு ஏற்ப வெட்டி, இடைவெளி தெரியாமல் பதிக்கும் வேலை இது. கறுப்பு, வெள்ளை, மஞ்சள், சிவப்பு, பச்சை என்று ஒவ்வொரு நிறமும் வேறு கல்; வண்ணம் பூசியது எதுவும் இல்லை. ஒரு கல்லை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தால் அமைப்பு பிடிபடும். நடுவில் குடும்பச் சின்னம். மேலே கிரீடமோ தலைக்கவசமோ. சுற்றிலும் கொடிகள், ஈட்டிகள், பீரங்கி, முரசு; சிலவற்றில் கப்பல். எக்காளம் ஊதும் தேவதூதர் ஒருவர். கீழே லத்தீனில் பெயர், வகித்த பதவிகள், பங்கெடுத்த போர்கள், இறந்த ஆண்டு. பிறகு எலும்புக்கூடு.

எலும்புக்கூடுகள் விதவிதமாக இருக்கின்றன. சில சும்மா படுத்திருக்கும். சில அரிவாளோடு நிமிர்ந்து நிற்கும், மணற்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டும். பார்ப்பவரை நேராக நோக்கி, நீயும் இங்கேதான் வரப்போகிறாய் என்று சொல்வதுபோல் நிற்பவையும் உண்டு. சாவு என்பது எல்லாவற்றையும் பறித்துக்கொள்வது என்றுதான் இந்த உருவங்கள் போதிக்க வேண்டும். ஆனால் அந்தப் போதனையை யார் வாயால் சொல்ல வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வறுமை வாக்குறுதி கொடுத்தவர், தன் கையில் மிஞ்சிய ஐந்தில் ஒரு பங்கையும் குடும்பப் பெருமையையும் சேர்த்து, தன் சின்னத்தையும் பட்டங்களையும் அழியாத கல்லில் பதிக்கிறார். எல்லாம் மாயை என்று அதற்குக் கீழேயே எழுதச் சொல்கிறார். அதைப் போலித்தனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கப்பலிலும் முற்றுகையிலும் தோழர்கள் சாவதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைகள் இவர்கள். சாவு அவர்களுக்கு நெருக்கமான விஷயம், குலப்பெருமையும் அதே அளவு நெருக்கம். இரண்டையும் ஒரே கல்லில் வைப்பதில் அவர்களுக்கு முரண் தெரிந்திருக்காது.

ஒரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். சுவரும் கூரையும் கண்ணை மேலே இழுக்கின்றன: வெற்றி, மகிமை, வானகம். தரை கண்ணைக் கீழே இழுக்கிறது. நடுவில் நிற்கும் மனிதர் ஒரே நேரத்தில் இரண்டு திசைக்கும் இழுபடுகிறார். கூரையும் தரையும் ஒரே திட்டத்தில் பிறந்தவை அல்ல. கற்கள் பல பத்தாண்டுகளில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தவை. ஆனாலும் விளைவு, ஒரே மனம் திட்டமிட்டதுபோல் அமைந்துவிட்டது.

இத்தனை பொன்னுக்கும் முன்பே இந்த வளாகத்துக்குள் வந்துவிட்ட ஒரு படைப்பு உண்டு. பிரெத்தி பிறப்பதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1608இல், இத்தாலிய ஓவியர் கரவாஜியோ வரைந்த ‘திருமுழுக்கு யோவானின் தலைவெட்டு’. ஆலயத்தோடு ஒட்டியிருக்கும் செபக்கூடத்தில், அது எந்தச் சுவருக்காக வரையப்பட்டதோ அதே சுவரில் இன்றும் இருக்கிறது. புதிதாகச் சபையில் சேர்ந்த இளைஞர்கள் பயிற்சி பெற்ற கூடம் அது.

கரவாஜியோ அங்கே வந்த கதை பலருக்கும் தெரியும். 1606இல் ரோமில் ஒரு சண்டையில் ஒருவரைக் கொன்றுவிட்டு நேப்பிள்ஸுக்குத் தப்பியவர், 1607இல் மால்டாவுக்கு வந்தார். நைட் பட்டம் கிடைத்தால் தண்டனையிலிருந்து மன்னிப்புப் பெற வழி பிறக்கும் என்று நம்பினார் போலும். சபைத் தலைவர் அலோஃப் டி விஞ்ஞாகூர் அவரை ஆதரித்தார். 1608 ஜூலை 14 அன்று பட்டமும் கிடைத்தது. புதிதாகச் சேர்பவர் சபைக்குச் செலுத்த வேண்டிய கட்டணத்துக்கு ஈடாகவே இந்த ஓவியத்தைக் கொடுத்தார் என்று கலை வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள்.

ஓவியம் சுமார் 3.6 மீட்டர் உயரம், 5.2 மீட்டர் அகலம். அவர் வரைந்தவற்றிலேயே பெரியது. ஒரு சிறைச்சாலை முற்றம். வாளால் வெட்டியாகிவிட்டது, ஆனால் தலை முழுதாக அறுபடவில்லை. வாள் தரையில் கிடக்கிறது. கொலையாளி குனிந்து யோவானின் தலைமுடியை ஒரு கையால் பற்றிக்கொண்டு, மறு கையால் முதுகுக்குப் பின்னால் செருகியிருக்கும் கத்தியை உருவுகிறான். சாவிக்கொத்தோடு நிற்கும் சிறைக் காவலர் தட்டைச் சுட்டிக்காட்டுகிறார்: அதில் போடு. ஓர் இளம்பெண் பொன் தட்டைத் தாழ்த்திப் பிடித்திருக்கிறாள். அவளருகே ஒரு மூதாட்டி இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அங்கே நடப்பது இன்னதென்று உணர்ந்தவர் அந்த ஒருத்தி மட்டுமே. வலப்பக்கம், கம்பிச் சாளரத்தின் வழியே இரண்டு கைதிகள் எட்டிப் பார்க்கிறார்கள். இத்தனை உருவங்களும் இடப்பாதியில் நெருங்கிக் கிடக்க, வலப்பாதி பெரும்பாலும் வெற்றுச் சுவர், இருட்டு.

வானதூதர் இல்லை, ஒளி வட்டம் இல்லை, திறந்த வானம் இல்லை. ஒரு மனிதரைக் கொல்லும் வேலை அலுவலக நடைமுறைபோல நடந்துகொண்டிருக்கிறது. மறைசாட்சியாகச் சாகத் தயாராக வேண்டிய இளம் நைட்டுகளுக்கு முன்னால் இப்படியொரு படத்தைத் தொங்கவிடச் சபை சம்மதித்தது என்பதை நினைத்தால் எனக்கு அந்தச் சபையின் மேல் மரியாதை கூடுகிறது. கூரையில் பிரெத்தி காட்டும் தலைவெட்டுக் காட்சியும் திறமையானதுதான். ஆனால் கரவாஜியோவின் முற்றத்தில் நின்றுவிட்டு வந்தவருக்கு அது வேறொரு தட்டில் இருப்பது தெரியும். கரவாஜியோவின் ஒளி-நிழல் முறையைக் கற்றுத் தேறியவர்களில் பிரெத்தியும் ஒருவர் என்பதால் இந்த ஒப்பீட்டைத் தவிர்க்க முடியவில்லை. 1680களில் அந்தச் செபக்கூடத்துக்கே பொன்னும் கூரை ஓவியமும் சேர்த்து அலங்கரித்தவரும் பிரெத்திதான். சுற்றிலும் எத்தனை மினுங்கினாலும், நடுவிலிருக்கும் அந்த இருட்டு கொஞ்சமும் அசையவில்லை.

யோவானின் கழுத்திலிருந்து வழிந்து தேங்கிய இரத்தத்தில் ஓவியர் தன் பெயரை எழுதியிருக்கிறார்: மிக்கெலாஞ்சலோ என்ற தன் முதற்பெயரை. அதற்கு முன்னால் ‘சகோதரர்’ என்பதைக் குறிக்கும் ஒற்றை எழுத்து. அவர் கையெழுத்திட்டதாகத் தெரிந்த ஒரே ஓவியம் இது. பட்டம் பெற்ற பெருமிதமும் கொலைப் பழியின் நினைவும் ஒரே வரியில் இருக்கின்றன என்று படிப்பவர்கள் உண்டு. நானும் அப்படியே படிக்கிறேன். அந்தச் சகோதரத்துவம் சில மாதம்கூட நிலைக்கவில்லை. ஆகஸ்ட் மாதம் ஒரு கைகலப்பில் சிக்கிச் சிறைப்பட்டார். அக்டோபரில் தப்பிச் சிசிலிக்கு ஓடினார். டிசம்பர் 1 அன்று சபை இதே செபக்கூடத்தில் கூடி, அழுகி நாறும் உறுப்பைப் போல அவரை வெட்டியெறிவதாக அறிவித்தது. 1610இல் அவர் இறந்தார்.

இதே கூடத்தில் அவருடைய ‘எழுதும் புனித ஜெரோம்’ ஓவியமும் இருக்கிறது. 1984இல் அதைச் சட்டத்திலிருந்து அறுத்துத் திருடிப் போனார்கள், 1987இல் மீட்கப்பட்டது.

பொன்வேலை முடிந்த பிறகும் சபையின் செலவு நிற்கவில்லை. 1697இல் தலைவரான ரமோன் பெரெயோஸ், பதவியேற்கும் தலைவர் ஆலயத்துக்குக் காணிக்கை தரும் வழக்கப்படி, பிரஸ்ஸல்ஸில் யூதோகுஸ் தெ வோஸ் என்பவரின் தறியில் 29 திரைச்சித்திரங்களை நெய்யச் செய்தார். பெரும்பாலானவை ஓவியர் ரூபென்ஸின் வரைவுகளைத் தழுவியவை. விழா நாள்களில் அவற்றை நடுக்கூடம் முழுக்கத் தொங்கவிடுவார்கள்.

நிக்கொலாஸ் கொத்தோனெர் ஆலயத்துக்குப் பொன் பூசியதோடு நிற்கவில்லை; 1670இல் துறைமுகத்தைச் சுற்றி மாபெரும் மதில் வரிசை ஒன்றையும் தொடங்கினார். அடுத்த பெரிய முற்றுகை வரும் என்றே சபை தலைமுறைகளாக எதிர்பார்த்தது. அது வரவேயில்லை. 1798 ஜூனில் வந்தது நெப்போலியனின் கப்பற்படை. 1565இல் நான்கு மாதம் தாக்குப்பிடித்த சபை, இந்த முறை சில நாள்களில் தீவை ஒப்படைத்துவிட்டு வெளியேறியது. பிரெஞ்சுக்காரர்கள் ஆலயத்தின் வெள்ளிப் பொருள்களை உருக்குவதற்காக அள்ளிக்கொண்டு போனார்கள். ஃபிலெர்மோஸ் அன்னை சிற்றாலயத்தின் வெள்ளிக் கதவுகள் மட்டும் தப்பின. அவற்றுக்குக் கறுப்பு வண்ணம் அடித்து மறைத்தார்கள் என்று மால்டாவில் கதை சொல்வார்கள். தரையையும் கூரையையும் யாராலும் பெயர்த்துப் போக முடியவில்லை.

சபை போன பிறகு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மதீனாவிலிருந்த ஆயருக்கு வாலெட்டாவிலும் ஓர் இருக்கை வேண்டும் என்று இந்த ஆலயத்துக்கு இணைப் பேராலயத் தகுதி கிடைத்தது. ஆக, நைட்டுகளின் காலம் முழுவதும் இது பேராலயமாக இருந்ததே இல்லை. ஆயரின் அதிகாரத்துக்கு வெளியே, சபைக்கு மட்டுமே உரிய ஆலயமாக இருந்தது. அந்த உரிமையே இதை இப்படி அலங்கரிக்கும் துணிவைச் சபைக்குக் கொடுத்தது.

2001 முதல் ஓர் அறக்கட்டளை இதைப் பராமரிக்கிறது. அவர்களுக்கு முன் இருக்கும் முதல் எதிரி, அன்று செதுக்க வசதியாக இருந்த அதே கல்தான். கடற்கரை நகரின் ஈரத்தை அது உறிஞ்சுகிறது, உப்பை வெளியே தள்ளுகிறது, பிரெத்தியின் வண்ணத்தை உள்ளிருந்து நெக்குகிறது. தரைப் பளிங்குக்கு ஆபத்து மேலிருந்து வருகிறது. கூர்மையான குதிகால் செருப்பணிந்து வருபவர்களை உள்ளே விடுவதில்லை. ஒரு பெண்ணின் உடல் எடை முழுவதும் விரல் நுனியளவு குதிகாலில் இறங்கினால் முந்நூறு ஆண்டுப் பளிங்குத் துண்டு விண்டுபோகும். திருப்பலி இன்றும் இங்கே நடக்கிறது. அந்த நேரத்தில் நாற்காலிகள் கற்களின் மேல் வரிசையாக நிற்கும். எலும்புக்கூடுகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் வேறு நேரத்தில்தான் போக வேண்டும்.